கை அறிந்ததைக் கணினிக்குக் காட்டுவது

சுவருக்கு அப்பால் ஒரு ‘நம்’

மும்பைக்கு அருகே கல்யாண் கிழக்கில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பையன் மிருதங்கம் பழகுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கு அவன் முகம் தெரியாது, கை தெரியாது. சுவரைத் தாண்டி வருவது ஒலி மட்டும்தான். ஆனாலும் ஒரு மாதம் கேட்டுப் பழகிய பிறகு, தாளத்தில் ஆனா ஆவன்னா தெரியாதவரும்கூட ‘இது தொம், இது நம்’ என்று பிரித்துவிடுவார். எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று கேட்டால் விழிப்பார். ‘ஒன்று கனமாக இருக்கிறது, இன்னொன்று... கிண்ணென்று இருக்கிறது’ என்பதற்கு மேல் பேச்சு வராது.

பையனுக்குச் சொல்லிக்கொடுப்பவரின் நிலைமையும் இதைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை. தப்பாக விழுந்த தட்டை அவர் காது அந்தக் கணமே பிடித்துவிடும். ஆனால் திருத்துவதற்கு அவரிடம் உள்ள வழி ஒன்றுதான்: மிருதங்கத்தைத் தன் பக்கம் திருப்பி, வாசித்துக் காட்டுவார். பையன் வாசிப்பான். ‘இல்லை’ என்பார். மறுபடி வாசித்துக் காட்டுவார். பதினைந்தாவது முறை ‘ம்’ என்பார். அந்த ‘ம்’தான் பாடம்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. கணினி என்பது சொன்னதைச் செய்யும் பொருள். ஒவ்வொரு படியையும் எழுதிக்கொடுத்தால்தான் நகரும். கலைஞரின் கை அறிந்த விஷயத்தையோ அவராலேயே எழுத முடியாது. அப்படியானால் அவருடைய கைக்கும் காதுக்கும் கட்டுப்பட்டு நடக்கும் ஒரு கணினிக் கருவியை எப்படிச் செய்வது?

தோலுக்குள் நடப்பது

எழுத முடியாது என்பதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். சர் சி.வி. ராமன் அவர்களில் ஒருவர். கல்கத்தாவில் இருந்தபோது, 1920-இல், எஸ். குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் நம் ஊர்த் தோல்கருவிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். 1934-இல் அதையே விரித்து எழுதினார்.

சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் பல அதிர்வுகள் ஒரே நேரத்தில் எழும். அவை ஒன்றுக்கொன்று முழுஎண் விகிதத்தில் அமையாததால் காதுக்குச் சுருதி கிடைக்காது. வெறும் ‘டொம்’மாக முடிந்துவிடும். மிருதங்கத்தின் வலந்தலை அப்படி இல்லை. அதன் நடுவில் சாதத்தையும் இரும்புச் சத்துள்ள கல்லின் பொடியையும் குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கரணை இருக்கிறது. அந்தக் கூடுதல் கனம் அதிர்வுகளை இழுத்துப் பிடித்து வரிசைக்குக் கொண்டுவருகிறது. தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்தே சுரங்களாகக் கூடிவிடுகின்றன, அந்த ஐந்தும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற சீரான மடங்குகளில் அமைகின்றன என்று ராமன் காட்டினார்.

விரல் வைக்கும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. தோலை முழுவதும் விட்டு அடித்தால் அடிச்சுரம் எழும், அது ‘தீம்’. மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டபடி இருக்க, ஆள்காட்டி விரல் ஓரத்து மீட்டில் விழுந்தால், தொட்ட விரல் அடிச்சுரத்தை அடக்கிவிடும். அடுத்த சுரம் மேலெழும். அதுதான் ‘நம்’. பக்கத்து வீட்டுக்காரர் ‘கிண்ணென்று’ சொல்ல வந்தது இதைத்தான்.

இந்த விளக்கம் அழகானது, உண்மையானதும்கூட. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கருவி செய்யப் போனால் முதல் வாரத்திலேயே கையைச் சுட்டுக்கொள்ள நேரும்.

விதி எழுதும் வழி

சில கலைகள் விதிக்கு நன்றாகவே வளைந்து கொடுக்கும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-இல் கோலங்களுக்கு இலக்கணம் எழுதினார்கள். மொழிக்கு எழுத்து, சொல், தொடர் என்று விதி இருப்பதுபோலக் கோலத்துக்குப் புள்ளி, சுழி, வளைவு என்று விதி வகுத்து, அந்த விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் சின்னக் கோலம் பெரிதாக வளரும் என்று காட்டினார்கள். கணினி அறிவியலில் பட இலக்கணங்கள் பற்றிப் பேசும்போது இந்தக் கட்டுரையை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். வாசலில் கோலம் போட்டவர்களுக்கு இது தெரியவந்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் ஏற்கெனவே அந்த இலக்கணத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கோலத்தில் புள்ளி எண்ணத் தகுந்தது. ஒரு கம்பி புள்ளியைச் சுற்றியதா இல்லையா என்பதில் சந்தேகமே வராது. மிருதங்கத் தட்டு அப்படி எண்ணி முடிக்கக்கூடியதன்று. ஒரே ‘நம்’ சி சுருதி மிருதங்கத்தில் ஒரு மாதிரி, டி சுருதியில் வேறு மாதிரி. ஒருவர் விரலின் கனம் இன்னொருவருக்கு இல்லை. ‘அடிச்சுரம் இத்தனைக்குக் கீழே இருந்தால் நம்’ என்று எழுதினால், அடுத்த மிருதங்கம் வந்ததும் அந்த வரி பொய்யாகிவிடும். அதற்கு விலக்கு எழுத வேண்டும்; விலக்குக்கு விலக்கு எழுத வேண்டும்.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். விதியைக் கொடுக்காமல், பெயர் ஒட்டிய எடுத்துக்காட்டுகளைக் கணினிக்குக் குவித்துக் கொடுத்து, வேறுபாட்டை அதையே கண்டுபிடிக்க விடுவது இயந்திரக் கற்றல். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் குழுவினர், மிருதங்கக் கலைஞர் அக்‌ஷய் அனந்தபத்மநாபனை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்த தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஆறு சுருதிகள், பத்து வகைத் தட்டுகள், மொத்தம் 7,162 தனித்தனி ஒலித்துண்டுகள். கல்யாணில் ஸ்லோ லோக்கல் ஏறிக் காஞ்சுர்மார்க்கில் இறங்கினால் எட்டிவிடும் பவாய் ஐ.ஐ.டி.யில் ப்ரீதி ராவின் குழு தபலாவுக்கு இதேபோன்ற வேலையைச் செய்திருக்கிறது. போல்கள் என்ற தட்டுச் சொற்கள் எத்தனையோ இருந்தாலும் 2021-இல் அவர்கள் எடுத்துக்கொண்டது நாலே வகைகள்: அடக்கிய தட்டு, வலப்பக்கம் ஒலிப்பது, இடப்பக்கம் ஒலிப்பது, இரண்டும் சேர்ந்து ஒலிப்பது.

இந்தத் தொகுப்புகள் பொதுவான கேள்விகளுக்குப் பதில் தேடுபவை. மூன்றாம் மாடிப் பையனுக்கு வேண்டியது வேறு. உலகத்து மிருதங்கங்களையெல்லாம் அறிந்த கணினி அவனுக்குத் தேவையில்லை. அவனுடைய மிருதங்கம், அவனுடைய விரல், அவனுடைய அறை: இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும்.

‘இல்லை’ என்று சொல்லும் உரிமை

2003-இல் அமெரிக்காவில் ஜெர்ரி ஃபெயில்ஸ், டான் ஓல்சன் என்ற இருவர் ‘க்ரேயான்ஸ்’ என்ற மென்பொருளைச் செய்தார்கள். ஒரு புகைப்படத்தில் கை எங்கே இருக்கிறது என்று கணினிக்குக் காட்ட வேண்டுமா? கையின் மேல் ஒரு வண்ணத்தால் நாலு கிறுக்கு, பின்னணியில் இன்னொரு வண்ணத்தால் நாலு கிறுக்கு. கணினி சட்டென்று கற்றுக்கொண்டு, படம் முழுவதையும் தனக்குப் புரிந்த அளவில் வண்ணம் அடித்துக் காட்டும். எங்கே தப்பாக அடித்திருக்கிறதோ அங்கே மட்டும் ஆள் மறுபடி கிறுக்குவார். கணினி திருத்திக்கொள்ளும். இப்படி ஆளும் கணினியும் மாறி மாறிப் பேசிக்கொண்டே நடத்தும் கற்பித்தலுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ஊடாட்ட இயந்திரக் கற்றல் எனலாம்.

வழக்கமான இயந்திரக் கற்றலில் ஒரு குழு எடுத்துக்காட்டுகளைச் சேகரிக்கும், இன்னொரு குழு கணினியைப் பழக்கும், முடிவு மாதங்கள் கழித்து வரும். இங்கே காட்டுவது, பழக்குவது, கேட்பது, ‘இல்லை’ என்பது எல்லாம் ஒரே ஆள், ஒரே மேசை, ஒரு நிமிடத்துக்குள். மூன்றாம் மாடிக் குருவும் சீடனும் நடத்தும் அதே பாடம். இந்த முறை சீடன் குருவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

தோல்கருவி உலகத்துக்கு இந்தச் சுற்று புதிதே இல்லை. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் வந்த தம் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வாசிப்பவர் தட்டிப் பார்த்து இன்னும் வரவில்லை என்பார். செய்பவர் தோலை மாற்றுவார், கரணையைச் சுரண்டுவார், கொடுப்பார். மறுபடி தட்டல், மறுபடி ‘இல்லை’. எந்த அளவுகோலிலும் எழுதப்படாத ஒரு நாதம் இப்படித்தான் இரண்டு பேருக்கிடையில் உருவானது. அதில் கற்றுக்கொண்டவர் பர்லாந்து மட்டும்தானா, மணி ஐயருமா என்பது பிரிக்க முடியாத கேள்வி.

முப்பது தட்டுகளில் ஒரு பாடம்

இனி பையனின் மேசைக்குப் போகலாம். அவனுக்கு ஒரு ஆசை: ‘நம்’ விழும்போதெல்லாம் சுவரில் ஒரு கோலச்சுழி கூட வேண்டும், ‘தொம்’ விழுந்தால் கோலத்தின் நிறம் மாற வேண்டும், ‘தி’ விழுந்தால் ஒரு சுழி அழிய வேண்டும். வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், ஒரு மைக், ஒரு மடிக்கணினி இருக்கிறது.

மைக் ஒலியை நொடிக்கு 44,100 எண்களாக அரிந்து தருகிறது. ஒரு தட்டு விழுந்ததிலிருந்து பத்தில் ஒரு நொடியை எடுத்துக்கொண்டாலே 4,410 எண்கள். இத்தனையையும் அப்படியே ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆகாது. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டே அளவுகளைப் பிழிந்தெடுப்போம். ஒன்று கனம்: ஒலியில் கீழ்ச்சுரங்களின் பங்கு எவ்வளவு. மற்றொன்று நீட்டம்: ஒலி எவ்வளவு நேரம் நின்று ஓய்கிறது. (நீட்டத்தைக் கணிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்க வேண்டும், இந்தத் தாமதம் பின்னால் தொந்தரவு தரும்.) இரண்டையும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பிடுவோம்.

இப்போது தரையில் ஒரு பெரிய புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளலாம். இடமிருந்து வலமாகப் போகப் போகக் கனம் கூடும். கீழிருந்து மேலே போகப் போக நீட்டம் கூடும். ஒவ்வொரு தட்டும் இந்தக் கோலத்தில் ஏதோ ஒரு புள்ளியின் மேல் விழும்.

பையன் கணினியிடம் ‘இது நம்’ என்று பொத்தானை அழுத்திவிட்டுப் பத்து முறை வாசிக்கிறான். அவை கனம் 3, நீட்டம் 6 என்ற புள்ளியைச் சுற்றிக் கூட்டமாக விழுகின்றன. அடுத்து ‘இது தி’ என்று பத்து முறை. மூன்று விரலும் கரணையில் அழுந்தி நிற்பதால் ஒலி உடனே செத்துவிடும். 3, 1 என்ற புள்ளியைச் சுற்றி இறங்குகின்றன. ‘இது தொம்’ என்று பத்து முறை. தொப்பியிலிருந்து, அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலிலிருந்து, வரும் கனத்த ஒலி, 8, 5 பக்கம். முப்பது தட்டு முடிந்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

இனி பெயர் சொல்லாமல் ஒரு தட்டு. அது 3, 4 என்ற புள்ளியில் விழுகிறது. ‘நம்’ கூட்டம் இரண்டு புள்ளி மேலே இருக்கிறது. ‘தி’ கூட்டம் மூன்று புள்ளி கீழே. கிட்டத்தில் இருப்பது ‘நம்’. கணினி ‘நம்’ என்கிறது. சுவரில் ஒரு சுழி பூக்கிறது. இதற்கு அண்டை முறை என்று பெயர் வைக்கலாம்: புதிதாக வந்தவர் யார் என்று தெரியாவிட்டால், எந்த வீட்டுப் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்பது. இயந்திரக் கற்றலின் மிக எளிய முறைகளில் இது ஒன்று. இதைவிடச் சிக்கலான முறைகள் நிறைய உண்டு, கருத்து மாறுவதில்லை.

செப்டம்பரில் பிள்ளையார் ஊர்வலம் வீதியில் வரும்போது முதல் இடைஞ்சல் வரும். டோலும் தாஷாவும் முழங்க, சுவரில் நிறங்கள் தாறுமாறாக மாறும். கணினிக்கு மூன்று வீடுகள்தான் தெரியும். வந்த சத்தத்தை ஏதாவது ஒரு வீட்டில் சேர்த்துத்தான் ஆக வேண்டும், அது டோலைத் தொம் வீட்டில் சேர்த்துவிட்டது. மருந்து எளிது. நாலாவதாக ‘ஒன்றுமில்லை’ என்று ஒரு வகை வைத்து, ஊர்வலத்தையும் லோக்கலின் ஹாரனையும் குக்கர் விசிலையும் அதில் காட்டிவிட வேண்டும். எதற்கு அசையக் கூடாது என்பதும் பாடத்தில் ஒரு பகுதி.

மழைக்காலத் தோல்

உண்மையான சோதனை ஜூலையில். கல்யாணின் மழைக்காலத்தில் காற்றே ஈரத்துணிபோல இருக்கும். தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், நாதம் மந்தமாகும். வாரை இழுத்து, கல்லால் தட்டி, சுருதியை மீட்டாலும் பழைய ‘கிண்’ முழுசாகத் திரும்பாது. ‘நம்’ இப்போது சீக்கிரம் ஓய்கிறது. 4, 3 என்ற புள்ளியில் விழுகிறது. பழைய ‘நம்’ கூட்டம் அங்கிருந்து ஒரு புள்ளி இடமும் மூன்று புள்ளி மேலும் தள்ளி இருக்கிறது. ‘தி’ கூட்டமோ ஒரு புள்ளி இடமும் இரண்டு புள்ளி கீழும்தான். கிட்டத்தில் இருப்பது ‘தி’. கணினி ‘தி’ என்கிறது. பையன் வாசிப்பது சரி, அவன் காதுக்கும் சரி. சுவரில் சுழிகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கும்.

விதி எழுதிய நிரலாக இருந்தால் இங்கே ஒரு நிரலாளரைக் கூப்பிட வேண்டும். ஊடாட்ட முறையில் பையன் பொத்தானை அழுத்தி, ‘இதுவும் நம்தான்’ என்று ஈரத்தோலில் ஐந்து தட்டு வாசிக்கிறான். 4, 3-ஐச் சுற்றி ஐந்து புதுப் புள்ளிகள். அடுத்த தட்டு அங்கே விழுந்தால் பக்கத்திலேயே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அரை நிமிட வேலை.

ஆனால் இலவசமாக எதுவும் வருவதில்லை. ‘நம்’மின் எல்லை கீழே இறங்கியதால், ‘தி’க்கு இருந்த இடம் குறுகிவிட்டது. சற்றே அலட்சியமாக வைத்த ‘தி’ இனி ‘நம்’ ஆகிவிடக்கூடும். பையனுக்கு முன்னால் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன: இன்னும் எடுத்துக்காட்டுகளைச் சேர்ப்பது, அல்லது ‘தி’யை இன்னும் அழுத்தமாக வாசிக்கப் பழகுவது. பெரும்பாலும் கலைஞர்கள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறார்கள். தன் கை எங்கே தெளிவில்லாமல் இருக்கிறது என்பது அந்தப் புள்ளிக் கோலத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடுவதும் இந்த முறையின் ஒரு பக்க விளைவு. எந்தக் குருவும் இவ்வளவு கூச்சமில்லாமல் சொல்லமாட்டார்.

இரண்டு நிறங்களுக்கு நடுவே

இதுவரை பார்த்தது பெயர் வைக்கும் வேலை. கலைக்குச் சுவை கூட்டுவது இன்னொரு வகை.

தொப்பியை அடித்துவிட்டு மணிக்கட்டால் தோலை அழுத்தி நகர்த்தினால் ஒலி வழுக்கிக்கொண்டு மேலேறும். கும்கி என்பார்கள். கும்கிக்குப் பெயர் வைத்துப் பயனில்லை. அது ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் பயணம். பையன் இங்கே வேறு மாதிரி கற்பிக்கிறான். கும்கியின் அடியில், கரும்பச்சையைக் காட்டி ‘இதற்கு இந்த நிறம்’ என்கிறான். உச்சியில் மஞ்சள். நடுவில் ஒரு இடத்தில், ஏனோ, மாதுளைச் சிவப்பு. மூன்றே எடுத்துக்காட்டுகள். மீதி இடங்களைக் கணினி தானே நிரப்பிக்கொள்கிறது. இதை இடைநிரப்பல் எனலாம்.

கரும்பச்சைக்கும் மாதுளைச் சிவப்புக்கும் நடுவில் என்ன நிறம் வரும்? பையனுக்குத் தெரியாது. மணிக்கட்டை நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும். பழுத்த வெற்றிலைபோல ஒரு பழுப்பு வருகிறது. அவன் நினைத்தே பார்க்காத நிறம். பிடித்திருந்தால் அந்த இடத்தில் நின்று வாசிப்பான். பிடிக்காவிட்டால் அங்கே நாலாவது எடுத்துக்காட்டை வைப்பான்.

வங்கியிலோ மருத்துவமனையிலோ கணினி எதிர்பாராததைச் செய்தால் அது பிழை, உடனே நீக்க வேண்டியது. ஓவியர் அறையில் அதே பிழைக்கு வேறு மதிப்பு. இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்து எழுதியவர் ரெபெக்கா ஃபீப்ரிங்க். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, 2009-இல், டான் ட்ரூமன், பெரி குக் ஆகியோருடன் சேர்ந்து ‘வெகினேட்டர்’ என்ற இலவச மென்பொருளை அறிமுகப்படுத்தினார். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘வெகா’ என்ற கற்றல் கருவிப்பெட்டியின் மேல் கட்டப்பட்டதால் அந்தப் பெயர். வெகா என்பது அந்த நாட்டின் பறக்காத பறவை ஒன்றின் பெயருமாகும். வெகினேட்டரை இசையமைப்பாளர்களிடம் கொடுத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஃபீப்ரிங்க் அருகிருந்து பார்த்தார். துல்லியம் கூட வேண்டும் என்பதைவிட, வியப்பூட்டும் ஒலிகள் கிடைக்க வேண்டும், அவை மறுபடி கேட்டால் மறுபடி கிடைக்க வேண்டும் என்பதையே அவர்கள் பெரிதாக நினைத்தார்கள்.

மரப்பட்டையும் கம்பிச்சுருளும்

வெகினேட்டரைக் கொண்டு மிஷெல் நாகாய் என்ற இசையமைப்பாளர் ஒரு மரப்பட்டைத் துண்டில் ஒளி உணரிகளைப் பதித்து, அதைத் தடவினால், நிழல் விழுந்தால் ஒலிக்கும்படி ஒரு கருவி செய்தார். லேட்டிஷியா சோனாமியின் கருவியில் ஒரு உலோக வளையமும் மூன்று கம்பிச்சுருள்களும் இருக்கும். சுருளைத் தொட்டால் எழும் சிடுக்கான அதிர்வுகளை எந்த விதியாலும் கட்டி மேய்க்க முடியாது. கற்றல் முறையிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வாசிக்கிறார். அந்தக் கருவி எப்போதும் கொஞ்சம் கைமீறியே இருக்கும். அதைத்தான் அவர் விரும்புகிறார் என்று தோன்றுகிறது.

இவர்களுக்கு முன்பே 1990-களில் சிட்னி ஃபெல்ஸும், பின்னாளில் 2024-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்டனும் சேர்ந்து, கையுறை அணிந்து கையை அசைத்தால் பேச்சொலி வரும் ஒரு கருவியைச் செய்தார்கள். அதில் பேசப் பழகியவர் ஒரு பியானோ வாசிப்பாளர். தெளிவாகப் பேச அவருக்கு நூறு மணி நேரம் பிடித்தது. கணினி ஆளைக் கற்க, ஆளும் கணினியைக் கற்க வேண்டியிருந்தது.

தாராவியில் இந்தக் கற்றல் முறைக்கு வேறொரு பொருத்தம் உண்டு. அங்கே தாராவி ராக்ஸ் என்ற சிறுவர் குழு கழிவுப் பொருள்களிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் பீப்பாய்களையும் டப்பாக்களையும் தட்டி இசை நடத்தியிருக்கிறது. மிருதங்கத்துக்கு 7,162 துண்டுகள் கொண்ட தொகுப்பு உண்டு. பீப்பாய்க்கு அப்படி எதுவும் கிடையாது. அதன் தட்டுகளுக்குப் பெயரே இல்லை. எடுத்துக்காட்டுக் காட்டும் முறைக்கோ பெயர் தேவைப்படுவதில்லை. விளிம்பில் ஒரு அடி, வயிற்றில் ஒரு அடி, கவிழ்த்துப்போட்டு ஒரு அடி என்று மூன்றைக் காட்டி, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றாலே போதும். பெயரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இன்றைக்குப் பிரௌசரிலேயே ஓடும் கூகுளின் ‘டீச்சபிள் மெஷின்’ இந்த வேலையை ஒரு வரி நிரல்கூட எழுதாமல் செய்யவிடுகிறது. 2017-இல் வெளிவந்த அது, ஒலியையும் படத்தையும் உடல் அசைவையும் கற்றுக்கொள்ளும்.

யாருடைய எடுத்துக்காட்டு?

செயற்கை நுண்ணறிவு, கலை என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வேறு ஒன்று: ஒரு வரி எழுதினால் ஓவியமோ பாட்டோ தரும் பெரிய நிரல்கள். அவையும் எடுத்துக்காட்டிலிருந்து கற்றவைதான். ஆனால் அந்த எடுத்துக்காட்டுகள் கோடிக்கணக்கானவை, பெரும்பாலும் வேறு யாரோ படைத்தவை, அவர்களில் பலரைக் கேட்காமலே எடுக்கப்பட்டவை.

தமிழ்த் திரையில் இந்தக் கேள்வி 2024-இல் வெளிப்படையாக எழுந்தது. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலுக்கு ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும் ஊதியம் கொடுத்ததையும் அவரே அறிவித்தார். அனுமதி இருந்தது சரி. ஆனால் பாட்டு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டு ‘இல்லை, இங்கே நான் இப்படி இழுக்கமாட்டேன்’ என்று சொல்லப் பாடகர் இல்லை. ஊடாட்டக் கற்றலின் உயிர்நாடியே அந்த ‘இல்லை’தான்.

மூன்றாம் மாடிப் பையனின் நிரலில் இருப்பது அவன் கையால் விழுந்த முப்பத்தைந்து தட்டுகளும் கொஞ்சம் ஊர்வலச் சத்தமும். இணையம் இல்லாமலும் ஓடும். அதைக் கொண்டு மாதுங்கா சண்முகானந்தா அரங்கில் கச்சேரி செய்துவிட முடியாது என்பதும் உண்மை. ஒரு கோர்வையை அமைக்கவோ, பாடகரின் சங்கதிக்கு எதிர்பாராத இடத்தில் மௌனம் காக்கவோ அதற்குத் தெரியாது. எந்தத் தட்டு விழுந்தது என்பதற்கு மேல் அதற்கு இசை அறிவே இல்லை. நீட்டத்தை அளக்கக் காத்திருப்பதால் சுழி, தட்டுக்குச் சற்றுப் பிந்தித்தான் தோன்றும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. சுழிக்குப் பதில் ஒலி எழுப்பச் சொன்னால், தாளத்தில் ஊறிய காது அந்தத் தாமதத்தை உடனே பிடித்துவிடும். வேகக் காலத்தில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது நீட்டம் என்ற அளவே குழம்பிவிடும். அதற்கு வேறு அளவுகளைத் தேட வேண்டும்.

ஆளுக்கு ஒரு கருவி

இந்த முறை மிகுந்த பயன் தந்திருக்கும் இடங்களில் ஒன்று மேடைக்கு வெளியே இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபீப்ரிங்கும் உடன் பணியாற்றியவர்களும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு இசை கற்பிக்கும் ஆசிரியர்களோடு சேர்ந்து ‘சவுண்ட் கன்ட்ரோல்’ என்ற மென்பொருளை உருவாக்கி 2019-இல் அதைப் பற்றி எழுதினார்கள். எந்த வாத்தியமும் ஏதோ ஓர் உடலமைப்பை மனதில் வைத்தே செய்யப்பட்டிருக்கிறது. மிருதங்கத்துக்குச் சப்பணமிட்ட மடியும் பத்து விரலும் வேண்டும். விரலை விரிக்க முடியாத குழந்தைக்கு அதில் இடமில்லை.

இங்கே ஆசிரியர் குழந்தையின் எதிரில் கேமராவை வைத்து, அவளால் சுலபமாகச் செய்ய முடிந்த அசைவு எது என்று முதலில் பார்க்கிறார். ஒருத்திக்குத் தலையைச் சாய்ப்பது. இன்னொருவனுக்கு முழங்கையை ஒரு விரற்கடை தூக்குவது. அந்த அசைவை நாலைந்து முறை காட்டி, இதற்கு இந்த ஒலி என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறார். அடுத்த வாரம் குழந்தை சோர்வாக இருந்து, சாய்ப்பு பாதிதான் வந்தால், பழைய எடுத்துக்காட்டுகளை அழித்துவிட்டு அந்தப் பாதிச் சாய்ப்பையே புதிதாகக் காட்டுகிறார். மறுபடி பழக்க ஆகும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் குழந்தைக்குச் சலிப்பு வந்துவிடாது.